போஸ்டரில் தேதி வந்துவிட்டது, படம் வருமா?

2024 டிசம்பர் 31. ஊரே புத்தாண்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்த இரவில், பொங்கலுக்கு வரவிருந்த ‘விடாமுயற்சி’ தள்ளிப்போகிறது என்று அறிவிப்பு வந்தது. கடைசியில் அது திரைக்கு வந்தது 2025 பிப்ரவரி 6 அன்று. காலியான பொங்கல் இடத்தில், பன்னிரண்டு ஆண்டுகளாக வெளிவராமல் கிடந்த ‘மதகஜராஜா’ ஜனவரி 12 அன்று வந்து உட்கார்ந்தது. வந்தது மட்டுமில்லை, நன்றாகவும் ஓடியது.

ஒவ்வொரு டிசம்பரிலும் அடுத்த ஆண்டு எதிர்பார்க்க வேண்டிய படங்கள் என்று பட்டியல் பட்டியலாக வருகின்றன. இங்கே அப்படி ஒன்று போடப்போவதில்லை. பொங்கல் முடிவதற்குள் அதில் பாதித் தேதி மாறியிருக்கும். ஒரு படம் சொன்ன நாளில் வருமா, வந்தால் சிங்கப்பூரில் எப்போது, எந்த அரங்கில், வீட்டில் யார் யார் பார்க்கலாம் என்று முன்கூட்டியே கணிக்கத் தெரிந்தால் அது ஆண்டு முழுவதும் உதவும். விடுப்புக்கு எழுதிக் கொடுப்பவருக்கும், பிள்ளைகளைக் கூட்டிப் போகும் குடும்பத்துக்கும், ஞாயிறு ஒரு நாள் மட்டும் ஓய்வு கிடைக்கும் வெளிநாட்டு ஊழியருக்கும் இது சின்ன விஷயமில்லை.

தேதி எப்போது நிஜமாகிறது

போஸ்டரில் அச்சாகும் தேதி தயாரிப்பாளரின் விருப்பம். அந்த விருப்பம் உறுதியாவதற்குள் சில படிகள் இருக்கின்றன. எந்தப் படியில் படம் நிற்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

படப்பிடிப்பு முடிந்துவிட்டது என்று பூசணிக்காய் உடைத்த புகைப்படம் வந்தால் சந்தோஷப்படலாம், நாட்காட்டியில் குறிக்கக் கூடாது. அதற்குப் பிறகுதான் டப்பிங், கிராபிக்ஸ், பின்னணி இசை, வண்ணத் திருத்தம், ஒலிக்கலவை எல்லாம். கிராபிக்ஸ் அதிகம் உள்ள படம் என்றால் படப்பிடிப்பு முடிந்து மூன்று மாதத்தில் வரும் என்று யார் சொன்னாலும் கொஞ்சம் தள்ளியே கணக்குப் போடுங்கள். பல நிறுவனங்களிடம் பிரித்துக் கொடுத்த காட்சிகள் ஒரே நேரத்தில் திரும்பி வருவதில்லை. கடைசியாக வரும் பத்து நிமிடக் காட்சிக்காக ஒலிக்கலவை முழுதும் காத்திருக்கும்.

அடுத்தது ஓடிடி விற்பனை. இதைப் பலர் கவனிப்பதில்லை. பெரிய படத்தின் செலவில் கணிசமான பங்கை ஓடிடி உரிமைதான் ஈடுகட்டுகிறது. அதனால் எந்த மாதத்தில் தங்கள் தளத்தில் ஏற வேண்டும் என்று அந்த நிறுவனம் சொல்வதை வைத்தே திரையரங்குத் தேதி முடிவாகிறது. ஓடிடி உரிமை இன்னும் விற்கவில்லை என்று செய்தி அடிபடும் படத்துக்குத் தேதி அறிவித்திருந்தால் அந்தத் தேதி ஆடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு இந்தியத் தணிக்கை. 2023இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டத்தையொட்டி 2024இல் வந்த புதிய விதிகளின்படி, பழைய யு/ஏ இப்போது யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. யு, ஏ இரண்டும் பழையபடியே. முதலில் பார்க்கும் குழு வெட்டச் சொன்னதைத் தயாரிப்பாளர் ஏற்கவில்லை என்றால் படம் மறுஆய்வுக் குழுவுக்குப் போகும். அதிலும் ஒத்துவராவிட்டால் உயர் நீதிமன்றம்தான். முன்பு நடுவில் இருந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021இல் கலைக்கப்பட்டுவிட்டது. ஆகவே வெளியீட்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது படம் மறுஆய்வுக்குப் போகிறது என்று கேள்விப்பட்டால், விடுப்புக் கடிதத்தை இன்னும் அனுப்பாதீர்கள்.

சான்றிதழ் வந்துவிட்டால் படத்தின் நீளம் நிமிடம், வினாடிவரை தெரிந்துவிடும். தேதியோடு சான்றிதழும் நீளமும் வெளியாகிவிட்ட படம் பத்தில் ஒன்பது வருகிறது என்பது என் கணிப்பு.

மிச்சம் ஒன்று ஏன் வராமல் போகிறது? பணம். ‘துருவ நட்சத்திரம்’ 2023 நவம்பர் 24 என்று அறிவிக்கப்பட்டு, பணத் தகராறு சென்னை உயர் நீதிமன்றம்வரை போனதால் அன்று வெளிவரவில்லை. தமிழ்த் திரையுலகில் ஒரு படத்துக்கு வாங்கிய கடனை அடுத்த படத்தின் வெளியீட்டில் பிடிப்பது பழைய வழக்கம். கடன் கொடுத்தவருக்குத் தெரியும், வெளியீட்டுக்கு முந்தைய இரவில்தான் தயாரிப்பாளர் எதற்கும் ஒத்துக்கொள்வார் என்று. அதனால் வழக்கும் பேச்சுவார்த்தையும் புதன், வியாழனில் வந்து குவிகின்றன. ஒரு நிறுவனத்தின் முந்தைய படம் பெரிய நஷ்டம் என்றால் அதன் அடுத்த படத்துக்கு முதல் நாள் முதல் காட்சி முன்பதிவு செய்யும்போது இதை மனத்தில் வையுங்கள்.

சாவி வரவில்லை என்றால் என்ன அர்த்தம்

அரங்கு வாசலில் கூட்டம் நிற்கும். காட்சி நேரம் தாண்டிவிடும். ஊழியர் வந்து, கீ வரவில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்பார். சாக்குச் சொல்கிறார் என்று கோபப்படுபவர்கள் உண்டு. அவர் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். அது என்ன கீ என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம்.

படச்சுருள் போய்ப் பல ஆண்டாகிறது. இப்போது படம் டிசிபி என்ற கோப்புத் தொகுப்பாக வன்தட்டிலோ இணையம் வழியாகவோ அரங்குக்கு வருகிறது. இதற்கான தரவிதிப்படி படம் வினாடிக்கு அதிகபட்சம் 250 மெகாபிட் வேகத்தில் ஓடலாம். 165 நிமிடப் படத்துக்குக் கணக்குப் போட்டால் உச்சவரம்பு 300 ஜிகாபைட்டைத் தொடுகிறது. இவ்வளவு பெரிய கோப்பை வெளியீட்டன்று காலையில் அனுப்ப முடியாது. அதனால் சில நாள் முன்பே பூட்டிய நிலையில் அனுப்பிவிடுகிறார்கள். திறக்கும் சாவி தனியாக, சில கிலோபைட் அளவில், மின்னஞ்சலில் வரும். அதன் பெயர் கேடிஎம். பேச்சுவழக்கில் கீ.

இந்தச் சாவிக்கு மூன்று குணங்கள். ஒன்று, அது ஒரு குறிப்பிட்ட அரங்கின் ஒரு குறிப்பிட்ட சர்வருக்கு மட்டுமே பொருந்தும். 3ஆம் அரங்குக்கு வந்த சாவி 5ஆம் அரங்கில் திறக்காது. கூட்டம் அதிகம் என்று கடைசி நேரத்தில் பெரிய அரங்குக்கு மாற்றச் சொன்னால் ஊழியர் தயங்குவது இதனால்தான். இரண்டு, அது குறிப்பிட்ட நேரத்திலிருந்து குறிப்பிட்ட நேரம்வரைதான் செல்லும். இந்தியாவில் காலை 9 மணி என்று நேரத்தைப் பதிந்து அதையே எல்லா ஊருக்கும் அனுப்பிவிட்டால், இங்கே 11.30 வரை படம் திறக்காது. சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதை யாரோ ஒருவர் மறந்தால் போதும், காலைக் காட்சி போய்விடும். மூன்று, அது படத்தின் ஒரு குறிப்பிட்ட பதிப்புக்கு மட்டுமே உரியது. கடைசி நேரத்தில் ஒரு காட்சியை வெட்டிப் புதுப் பதிப்பு அனுப்பினால் பழைய சாவி உதவாது, புதிது வேண்டும். படம் வெளியானபிறகு பத்து நிமிடம் குறைத்துவிட்டோம் என்று அறிவிப்பு வந்தாலும், நீங்கள் போகும் அரங்கில் பழைய நீளமே இன்னும் இரண்டு நாள் ஓடுவதற்கும் இதுவே காரணம்.

இவை தவிர, பாக்கியைக் கட்டாமல் சாவியை வெளியிடாதே என்று நிறுத்திவைப்பதும் உண்டு. சாவியை நிறுத்தினால் படம் நின்றது. கடன் கொடுத்தவர்களின் கையில் இருக்கும் கடைசி ஆயுதம் இந்தச் சில கிலோபைட்தான்.

நடைமுறையில் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. பெரிய படத்துக்கு இங்கே இந்தியாவுக்கு முன்பே முதல் காட்சி போட்டால், அந்த முதல் காட்சிதான் ஆபத்து அதிகமானது. அடுத்த காட்சிக்கு, அதாவது பகல் 12 மணிக்கு மேல் தொடங்குவதற்குப் பதிவு செய்தால் ஆரவாரம் சற்றே குறையும், ஏமாற்றம் பெரிதும் குறையும். தமிழ்நாட்டில் அண்மை ஆண்டுகளில் பெரிய படங்களின் சிறப்புக் காட்சி காலை 9 மணிக்குத்தான் தொடங்குகிறது. நம் கணக்கில் 11.30. அங்கே திரையில் பெயர் ஓடத் தொடங்கிவிட்டது என்று தெரிந்தபிறகு நீங்கள் வீட்டிலிருந்து கிளம்பலாம்.

அங்கே தள்ளிப்போனால் இங்கேயும் தள்ளிப்போகும் என்று எப்போதும் சொல்ல முடியாது. 2013இல் ‘தலைவா’ வெளிநாடுகளில் சொன்னபடி ஆகஸ்ட் 9 அன்று வந்துவிட்டது, தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 20 அன்றுதான் வந்தது. காரணம் கடனாக இருந்தால் சாவியே வராது, உலகம் முழுவதும் நிற்கும். காரணம் தமிழ்நாட்டுக்குள் மட்டும் இருந்தால் சிங்கப்பூரில் ஓட வாய்ப்பு உண்டு. செய்தியைப் படிக்கும்போது காரணத்தைத் தேடிப் படியுங்கள்.

என்சி16 என்று வந்தால் கைக்குழந்தைக்கும் இடமில்லை

இந்தியத் தணிக்கைக்கும் நம் ஊர் வகைப்பாட்டுக்கும் சம்பந்தமில்லை. இங்கே தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் படத்தைத் தனியாக வகைப்படுத்துகிறது: ஜி, பிஜி, பிஜி13, என்சி16, எம்18, ஆர்21. முதல் மூன்றும் அறிவுரை. பிஜி13 படத்துக்குப் பத்து வயதுப் பிள்ளையைப் பெற்றோர் யோசித்து அழைத்துப் போகலாம். அடுத்த மூன்றும் தடை. என்சி16 என்றால் 16 வயது நிரம்பாதவர் உள்ளே போக முடியாது. அப்பா அம்மா கூட இருந்தாலும் முடியாது, மடியில் தூங்கும் கைக்குழந்தைக்கும் அதே விதிதான்.

குடும்பங்கள் அதிகம் அடிபடுவது இந்த இடத்தில். இந்தியாவில் யு/ஏ 16+ என்பது பெற்றோருக்கான எச்சரிக்கை. பிள்ளையை அழைத்துப் போவதா வேண்டாமா என்பதை அவர்கள் முடிவு செய்யலாம். ஊரில் இருக்கும் அக்கா தன் பத்து வயதுப் பையனோடு படம் பார்த்துவிட்டுப் போன் செய்வார். அதே படம் இங்கே என்சி16 ஆகியிருக்கும். அந்த நம்பிக்கையில் ஐந்து டிக்கெட் எடுத்தவர் வாசலில் நிற்பார்.

இன்னொரு சிக்கல், முன்பதிவு தொடங்கும்போது பல தமிழ்ப் படங்களுக்கு வகைப்பாடே வந்திருக்காது. பட்டியலில் வகைப்பாடு பின்னர் அறிவிக்கப்படும் என்பதைக் குறிக்கும் மூன்று எழுத்துதான் இருக்கும். படம் ஆணையத்துக்கே கடைசி வாரத்தில்தான் போகிறது என்பதால் இப்படி. வாங்கிய டிக்கெட்டைத் திருப்பிக் கொடுப்பதில்லை, மாற்றுவதில்லை என்பது அரங்குகளின் பொதுவான நிபந்தனை. ஆகவே 16 வயதுக்குக் குறைந்தவர் வீட்டில் இருந்தால், வகைப்பாடு வரும்வரை டிக்கெட்டைத் தொடாதீர்கள். நல்ல இருக்கை போனால் போகட்டும், அடுத்த நாள் இருக்கிறது.

அவசரமாக முடிவெடுக்க வேண்டும் என்றால் டிரெய்லரைப் பாருங்கள். இரத்தம் தெறிக்கும் வெட்டுக்குத்து, போதைப்பொருள் பயன்பாடு இரண்டும் இங்கே வகைப்பாட்டை உயர்த்துபவை. போதைப்பொருள் விஷயத்தில் நம் ஊரின் கண்டிப்பு எல்லாருக்கும் தெரிந்ததே. போதைக் கும்பலைச் சுற்றிய கதை, கத்தி அரிவாள் அதிகம் என்றால் என்சி16 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சில சமயம் விநியோகஸ்தர், குடும்பக் கூட்டம் போய்விடுமே என்று சில காட்சிகளைக் குறைத்து பிஜி13 வாங்குவார். சென்னையில் பார்த்தவர் சொல்லும் ஒரு காட்சி இங்கே இல்லை என்றால் காரணம் அதுவாக இருக்கலாம்.

வகைப்பாடு வந்தபிறகு ஆணையத்தின் இணையத்தளத்தில் படத்தின் பெயரைத் தேடினால், வகைப்பாட்டோடு அதற்கான காரணமும் ஒரு வரியில் இருக்கும். வன்முறை, கெட்ட வார்த்தை, போதைப்பொருள் என்று. பிள்ளைகளோடு போகிறவர்கள் விமர்சனத்தைவிட இந்த ஒரு வரியைப் படிப்பது நல்லது. 16, 17 வயதுப் பிள்ளைகள் அடையாள அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

2026 நாட்காட்டி, இங்கிருந்து பார்த்தால்

தமிழ்ப்பட நாட்காட்டி தமிழ்நாட்டு விடுமுறைகளைப் பார்த்துப் போடப்படுகிறது. நம் விடுமுறை வேறு. பொங்கல் இங்கே பொது விடுமுறை இல்லை. 2026 பொங்கல் வாரத்தில் நடுவில் விழுவதால், வார நாள் மாலை 7 மணிக் காட்சியும் அடுத்து வரும் சனி, ஞாயிறும்தான் நிரம்பும். பகல் காட்சி எடுக்க முடிந்தவர்களுக்குக் கூட்டமில்லாமல், நல்ல இருக்கையில் உட்கார்ந்து பார்க்க அந்த வாரத்தைவிட நல்ல வாரம் கிடையாது.

பொங்கல் படங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். சீனப் புத்தாண்டு பிப்ரவரி 17, 18. அதையொட்டிப் பெரிய சீனப் படங்கள் வரிசையாக இறங்கும், திரைகள் அந்தப் பக்கம் போகும். பொங்கலுக்கு வந்த தமிழ்ப் படத்துக்கு இங்கே உள்ள ஆயுள் ஜனவரி கடைசிவரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி பாதியிலிருந்து மார்ச் முடியத் தமிழ்நாட்டில் பொதுத்தேர்வுக் காலம். நோன்பு மாதமும் அப்போதுதான் வருகிறது. பெரிய நட்சத்திரப் படங்கள் ஒதுங்கிக்கொள்ள, சின்னப் படங்கள் வெளிவரும். என்னைக் கேட்டால் ஆண்டின் நல்ல தமிழ்ப் படங்களில் ஒன்றிரண்டு இந்த இடைவெளியில்தான் சத்தமில்லாமல் வந்து போகும். ஏப்ரல், மே மாதங்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். தமிழகச் சட்டமன்றத்தின் காலம் மே மாதத்தோடு முடிவதால் தேர்தல் அதையொட்டி வரும், கூடவே ஐபிஎல். அந்த இரண்டு மாதத்துக்கு இப்போது அறிவிக்கப்பட்டிருக்கும் தேதிகளில் சில நிச்சயம் நகரும். நமக்கோ ஏப்ரல் 3 புனித வெள்ளியும் மே 1 தொழிலாளர் தினமும் வெள்ளிக்கிழமையில் வருவதால் மூன்று நாள் தொடர் விடுமுறை. அந்த வெள்ளியில் ஒரு படம் வந்தால் முன்பதிவு திறந்த அன்றே எடுத்துவிடுங்கள்.

தேசிய தினம் ஞாயிறு ஆகஸ்ட் 9, அதனால் திங்கள் 10 விடுமுறை. இந்தியச் சுதந்திர தினத்தைக் குறிவைக்கும் படங்கள் அதற்கு அடுத்த வெள்ளி, ஆகஸ்ட் 14ஐ ஒட்டித்தான் வரும். நம் நீண்ட விடுமுறைக்கு அவை உதவாது. செப்டம்பர், அக்டோபரில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதும் பிள்ளை உள்ள வீடுகளுக்கு எந்தப் படமும் இல்லை, அதைச் சொல்லத் தேவையில்லை.

தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. திங்கள் 9 விடுமுறை. படம் 5ஆம் தேதி வியாழனோ 6ஆம் தேதி வெள்ளியோ வந்துவிடும். சனிக்கிழமை பாதி ஊர் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் இருக்கும். ஞாயிறு காலை எண்ணெய்க் குளியல், கோவில், சொந்தக்காரர் வீடு. அதனால் ஞாயிறு மாலையும் திங்கள் முழுதும் இருக்கை கிடைப்பது கஷ்டம். சனி இரவுக் காட்சி, ஞாயிறு காலை முதல் காட்சி இரண்டும் ஒப்பீட்டளவில் எளிது.

முன்பதிவு, இருக்கை, கடைசி ரயில்

2025 ஆகஸ்டில் தி புரொஜெக்டரும் செப்டம்பரில் கேத்தே சினிப்ளெக்ஸஸும் மூடியபின் திரைகள் குறைந்துவிட்டன. உட்லண்ட்ஸ் காஸ்வே பாயிண்டில் பார்த்துப் பழகியவர் ஈசூன் பக்கம் போக வேண்டியதாயிற்று. கோல்டன் வில்லேஜ், ஷா இரண்டின் செயலிகளையும் போனில் வைத்திருங்கள். ஒரே படத்தை இரண்டும் எடுக்காமல் ஒன்று மட்டும் எடுப்பதும் உண்டு. ஒன்றில் இல்லை என்பதால் படமே வரவில்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

இங்கே படங்கள் வியாழக்கிழமை மாறுகின்றன. அந்த வாரத்துக்கான நேரப் பட்டியல் பெரும்பாலும் வார முற்பகுதியிலேயே வந்துவிடும். பெரிய நட்சத்திரப் படங்களுக்கு மட்டும் அதற்கும் முன்பே திறப்பார்கள். தமிழ்நாட்டில் வெள்ளி வெளியீடு என்றால் இங்கே வியாழன் மாலையே காட்சி போடுகிறார்களா என்று பாருங்கள்.

இருக்கையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் மொழியைப் பாருங்கள். தெலுங்கு, மலையாளம், இந்திப் படங்கள் தமிழ்க் குரலோடும் மூல மொழியிலும் தனித்தனி வரிகளில் இருக்கும். போஸ்டர் ஒன்றே. அவசரத்தில் தவறான வரியை அழுத்துவது சாதாரணமாக நடக்கிறது. பிறகு கட்டணம் செலுத்தும்போது வங்கிச் செயலி ஒப்புதல் கேட்கும். தேர்ந்தெடுத்த இருக்கை சில நிமிடம்தான் உங்களுக்காக நிற்கும் என்பதால், வங்கிச் செயலியில் முன்பே நுழைந்து பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். டிக்கெட் விலையோடு முன்பதிவுக் கட்டணமும் சேரும். ஆறு பேருக்கு எடுக்கும்போது அதுவே சில வெள்ளி ஆகிவிடும்.

இருக்கை விஷயத்தில் கடைசி வரிசைதான் உசத்தி என்று ஒரு பழக்கம் இருக்கிறது. ஒலியைச் சரிசெய்பவர்கள் அரங்கின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு பின்னால், நடுப்பகுதியை மனத்தில் வைத்துத்தான் சரிசெய்கிறார்கள். அங்கிருந்து ஓரிரு வரிசை முன்னே பின்னே நடு இருக்கைகளை எடுங்கள். கடைசி வரிசையில் பின்சுவர் ஒலிபெருக்கி காதுக்குப் பக்கத்திலேயே கத்தும், அட்மாஸ் என்ற சுற்றொலிக்குக் கொடுத்த கூடுதல் காசு வீண். தமிழ் தெரியாத நண்பரோடு போனால் இன்னொன்று. ஆங்கில வசன வரி திரையின் அடிப்பகுதியில் வரும், முன்வரிசைத் தலை மறைக்கும். சாய்வு குறைந்த அரங்கில் கொஞ்சம் பின்னால் உட்காருங்கள்.

ஐமேக்ஸுக்குக் கூடுதல் வெள்ளி கொடுக்கலாமா? ஷா லீடோ, ஜுவல் போன்ற இடங்களில் தமிழ்ப் படம் ஐமேக்ஸில் வரும்போது கேட்க வேண்டிய கேள்வி, அந்த வடிவத்துக்காகவே எடுத்த காட்சிகள் அதில் இருக்கின்றனவா என்பது. பெரும்பாலான தமிழ்ப் படங்கள் அகலத்திரை விகிதமான 2.39க்கு, அதாவது உயரத்தைப்போல 2.39 மடங்கு அகலத்தில், எடுக்கப்படுகின்றன. டிஜிட்டல் ஐமேக்ஸ் திரையின் விகிதம் 1.90. அப்படிப்பட்ட படத்தைப் போட்டால் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு, மேலும் கீழும் கறுப்புப் பட்டையாக நிற்கும். திரை பெரிது, ஒலி நன்று, அவ்வளவுதான். அதற்காக மட்டும் கொடுப்பதில் தவறில்லை, எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள்.

கடைசி ரயில் கணக்கு. படம் 168 நிமிடம். விளம்பரமும் டிரெய்லரும் 15 நிமிடம். எழுந்து, கழிப்பறைக்குப் போய், எம்ஆர்டி நிலையம்வரை நடக்க 12 நிமிடம். மொத்தம் 195 நிமிடம், மூன்றேகால் மணி நேரம். இரவு 11.30க்கு ரயில் பிடிக்க வேண்டுமானால் 8.15க்குள் தொடங்கும் காட்சி. 9.15 காட்சி எடுத்தால் நிலையத்துக்கு வரும்போது 12.30, டாக்சிக் காசையும் டிக்கெட் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பொது விடுமுறைக்கு முந்தைய இரவுகளில் ரயில் நேரத்தை நீட்டிப்பார்கள், முன்கூட்டியே அறிவிப்பும் வரும். இந்தியச் சான்றிதழில் வரும் நீளம் இதற்குத்தான் கைகொடுக்கும். பல அரங்குகளில் இடைவேளை என்று எழுத்து மட்டும் வரும், படம் நிற்காமல் ஓடும். சர்க்கரை நோயாளிகளும் வயதானவர்களும் வழியோர இருக்கையாக எடுப்பது நல்லது.

ஞாயிறு பிற்பகல் ஜூரோங் பாயிண்ட் போன்ற மேற்குப் பக்க அரங்குகளில் தங்குவிடுதி ஊழியர்கள் கூட்டமாக வருவார்கள். அந்தக் கைதட்டலோடு படம் பார்க்க விரும்புகிறவர்கள் தேடிப் போக வேண்டிய காட்சி அது. சனிக்கிழமையே எடுத்துவிடுங்கள்.

ஜொகூர் போய்ப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். டிக்கெட் மலிவுதான், ஆனால் மலேசியத் தணிக்கை தனி. இங்கே ஓடும் பதிப்பும் அங்கே ஓடும் பதிப்பும் ஒரே நீளம் என்று எண்ண வேண்டாம். வெள்ளி மாலை பாலத்தில் நிற்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு முடிவெடுங்கள்.

ஓடிடிக்குக் காத்திருப்பவர்களுக்கு

தமிழ்ப் படங்கள் வழக்கமாக நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வருகின்றன. இந்திப் பதிப்பை வட இந்தியாவின் பெரிய மல்டிபிளெக்ஸ்களில் ஓட்ட வேண்டும் என்றால் எட்டு வாரம் காத்திருக்கச் சொல்வார்கள். இந்தியாவில் எந்தத் தளத்தில் வருகிறதோ அதே தளத்தில் இங்கேயும் வரும் என்று சொல்ல முடியாது. வெளிநாட்டு உரிமையைத் தனியாக விற்பது உண்டு. படத்தின் தொடக்கத்தில் நன்றி அட்டைகளில் ஓடிடி பங்காளி பெயர் வரும், அதைக் கவனித்துவிட்டு அந்தத் தளத்தின் சிங்கப்பூர்ப் பட்டியலைப் பாருங்கள்.

நட்சத்திரப் படத்துக்கு இதெல்லாம் தெரியாவிட்டாலும் எப்படியாவது ஒரு காட்சி கிடைத்துவிடும். மூன்றாம் வாரம்கூட எங்காவது ஓடிக்கொண்டிருக்கும். சின்னப் படத்துக்கு அப்படி இல்லை. அதற்கு இங்கே கிடைப்பது இரண்டு மூன்று அரங்கு, ஒரு வாரம். நல்லா இருக்குன்னு சொல்றாங்களே என்று நம் காதில் விழுவதற்குள் அது போய்விடும். முதல் சனி, ஞாயிறு வசூலைப் பார்த்துத்தான் அடுத்த வியாழனுக்கான திரைகளைப் பிரிக்கிறார்கள். ஒரு புது இயக்குநரின் படத்தைப் பார்க்க வேண்டும் என்று இந்த ஆண்டு குறித்து வைத்திருந்தால் அந்த முதல் இரண்டு நாளுக்குள் போய்விடுங்கள். முடியவில்லை என்றால் அடுத்த செவ்வாய் மாலை பட்டியலைத் திறந்து பாருங்கள். ஒரே அரங்கு, இரவு 9.40க்கு ஒரே காட்சி என்று சுருங்கியிருந்தால், புதன் இரவு அந்தக் காட்சிக்குப் போய்விடுங்கள். வியாழன் அது இருக்காது.